புல்க்: பனிமேல் ஓடும் படகின் வரலாறு

நோர்வேயின் வடகோடியில் ஆய்வு மேற்கொண்டுவரும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் சில கேள்விகள் அனுப்பியிருந்தார். வரும் மார்ச்சில் அவரும் உடனாய்வாளர் இருவரும் பின்மார்க் பீடபூமியில் ஆறு நாள்கள் ஸ்கீயில் பயணம் செய்து, இரவுகளில் கூடாரம் அடித்துத் தங்கப்போகிறார்கள். கூடாரம், அடுப்பு, எரிபொருள், உணவு, உறக்கப்பை எல்லாம் சேர்த்துத் தலைக்கு நாற்பது கிலோ. அவ்வளவையும் முதுகில் ஏற்றினால் அடிக்கு அடி பனியில் புதையவேண்டும். ஆகவே இழுத்துச் செல்ல ஒரு வண்டி தேவை. அதற்கு அங்கே 'புல்க்' என்று பெயர். கடையில் கிடைக்கும் கண்ணாடியிழைப் புல்க்கை வாங்குவதா, பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் சறுக்குத்தட்டில் தண்டு பொருத்தித் தாமே செய்துகொள்வதா, இழுப்பதற்குக் கயிறு நல்லதா தண்டு நல்லதா என்பன அவருடைய ஐயங்கள். கடைசி வரியில் ஒரு கிண்டலும் இருந்தது: "சொல்லுக்கு வேர் தேடுவதுதானே உன் தொழில், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றாவது சொல்."

பனியை நான் நேரில் கண்டது ஒரே ஒருமுறை, மணாலிக்கு மேலே, அரைமணி நேரம். வண்டியைப் பற்றி அறிவுரை கூற எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சொல்லைத் தேடிப் போன வழியிலேயே வண்டியைப் பற்றிய விடையும் கிடந்தது. அவருக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

நோர்வேஜிய மொழியில் 'புல்க்', சுவீடிய மொழியிலும் ஃபின்னிய மொழியிலும் 'புல்க்கா'. இவை அனைத்தின் வேரையும் அகராதிகள் சாமி மொழிச் சொல்லொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. சாமி என்பது நோர்வே, சுவீடன், ஃபின்லாந்து ஆகியவற்றின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் தொல்குடி மக்களின் பெயர். தமிழில் எழுதும்போது அது கோயிலை நினைவூட்டும் என்பது உண்மைதான். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் அதுவே என்பதால் மாற்ற நமக்கு உரிமை இல்லை. பழைய நூல்களில் வரும் 'லாப்' என்பது பிறர் இட்ட பெயர், அவர்கள் விரும்பாத பெயர். சாமி ஒரே மொழியன்று. யுராலிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழிக்கொத்து. 'துந்திரா' என்று நாம் பள்ளிப் புவியியலில் படித்த சொல்லும் கோலா பகுதியின் சாமி மொழியிலிருந்து ரஷ்யன் வழியாக உலகுக்கு வந்ததே.

வட சாமி மொழியில் இந்த வண்டிக்கு வழங்கும் பெயர் 'கெரெஸ்'. துருவமான் ஒன்று இழுக்க, ஒருவர் அமர்ந்து செல்லும் வண்டி. அதன் அமைப்பை விளக்க நம் கடற்கரை மக்களின் படகுச் சொற்கள் அப்படியே பொருந்துகின்றன. அடியில் ஓர் அகன்ற ஏரா, அதாவது படகின் முதுகெலும்பாக அமையும் அடிமரம். அதன் இருபுறமும் ஏறிச்செல்லும் பக்கப்பலகைகள். உள்ளே பலகைகளைத் தாங்கும் வங்குகள். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த கூரிய அணியம். பின்பக்கம் மட்டும் படகினின்று வேறுபடும். அங்கே செங்குத்தான பலகை ஒன்றால் அடைத்திருப்பார்கள், அமர்ந்திருப்பவர் முதுகு சாய்த்துக்கொள்ளலாம். பொருள் ஏற்றுவதற்கென்று மூடியிட்ட வகை ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'லொஹ்க்கெகெரெஸ்', மூடியுள்ள கெரெஸ். இன்று கடையில் விற்கும் புல்க்கின் மேல் பொருத்திய துணிமூடிக்கும் அதன் இழுப்புப் பல்லுக்கும் மூதாதை இதுதான்.

வண்டிக்குப் படகின் வடிவம் எதற்கு? இறுகாத ஆழ்பனி, நீரைப் போலவே அமிழ்த்தும் இயல்புடையது. இரண்டு ஒடுங்கிய சறுக்குக்கட்டைகளின் மேல் நிற்கும் வண்டி இறுகிய பனியிலும் உறைந்த ஏரியிலும் விரைந்தோடும். புதுப்பனியில் கட்டைகள் மூழ்கிக் குறுக்குச்சட்டங்கள் பனியை உழத் தொடங்கிவிடும். படகோ தன் அடிப்பரப்பு முழுவதாலும் சுமையைத் தாங்கி மிதக்கிறது. காட்டோரத்திலும் பள்ளத்தாக்கிலும் காற்று இறுக்காத பனியில் வாழ்ந்தவர்களின் விடை அது. அட்லாண்டிக்கின் மறுகரையில் அல்கொங்கிய மக்கள் தட்டையான பலகையை முன்னே சுருட்டி வளைத்து இதே சிக்கலைத் தீர்த்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் 'டொபாகன்'.

ஐரோப்பியக் கல்வியுலகம் இவ்வண்டியை விரிவாக அறிந்தது 1673இல் பிராங்பர்ட்டில் வெளியான 'லப்போனியா' என்னும் இலத்தீன் நூலின் வழியாக. எழுதியவர் உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஹான்னெஸ் ஷெஃபெருஸ். முப்பதாண்டுப் போரில் சுவீடன் வென்றது சாமி மக்களின் மந்திரத்தால்தான் என்று ஐரோப்பாவில் ஒரு வதந்தி உலவியது. அதை மறுக்கவே அரசு இந்நூலை எழுதுவித்தது. வதந்தியை ஒழித்ததோ இல்லையோ, நூல் மறு ஆண்டே ஆங்கிலத்தில் ஆக்ஸ்போர்டில் வந்தது. ஷெஃபெருஸுக்குச் செய்தி தந்தவர்களுள் ஒருவர் உப்சாலாவில் பயின்ற சாமி மாணவர் ஒலாவுஸ் சீர்மா. அவர் சொல்லித் தந்த இரு பாடல்கள் மூலமொழியிலேயே அந்நூலில் அச்சேறின. அவற்றுள் ஒன்று, காதலியிடம் செல்லும் பயணி தன் துருவமானை விரைந்து செல்லத் தூண்டும் பாடல். ஆக, வண்டியின் படமும் வண்டியோட்டியின் பாட்டும் ஒரே நூலில் ஐரோப்பாவைச் சென்றடைந்தன.

அந்நூல் கூறும் ஒரு நுட்பம் நண்பரின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. துருவமானின் கழுத்துப் பட்டையிலிருந்து ஒரே ஓர் இழுகயிறு, விலங்கின் வயிற்றுக்கு அடியிலும் பின்னங்கால்களுக்கு இடையிலும் சென்று வண்டியின் அணியத்தில் முடியும். கயிறு இழுக்கும், தள்ளாது. சமதளத்தில் அதனால் கேடில்லை. சரிவில் இறங்கும்போது வண்டி மானைவிட விரைவாக வந்து அதன் கால்களை இடிக்கும். சாமி மக்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது: வண்டியின் பின்னால் இன்னொரு துருவமானைக் கட்டிவிடுவார்கள். அது இழுக்கப்படுவதை விரும்பாமல் பின்வாங்கும், அதுவே தடை. மான் இல்லாத இடத்தில் மனிதன் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்கீயில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சிக்கலுக்குப் பின்னால் வருகிறேன்.

இதே காலத்தில் கடல்வல்லரசுகள் பனிவண்டியைத் தம் போக்கில் கற்றுக்கொண்டிருந்தன. அதில் மறக்கமுடியாத காட்சி ஒன்று உண்டு. சர் ஜான் பிராங்கிளினின் கப்பல்கள் எரெபஸ், டெரர் இரண்டும் கனடாவின் வடக்கே பனியில் சிக்கின. 1848 ஏப்ரலில் எஞ்சியிருந்த 105 பேர் கப்பல்களைக் கைவிட்டு நடந்தனர், ஒருவரும் மீளவில்லை. 1859இல் மெக்ளின்டாக்கின் தேடற்குழு கிங் வில்லியம் தீவில் ஒரு படகைக் கண்டது. கனத்த ஓக் மரத்தாலான சறுக்குவண்டியின் மேல் 28 அடிப் படகு. உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். படகும் வண்டியும் மட்டுமே சேர்ந்து 1,400 ராத்தல், ஏறத்தாழ 635 கிலோ இருக்கும் என்று மெக்ளின்டாக் மதிப்பிட்டார். அதன்மேல் பட்டுக் கைக்குட்டைகள், புத்தகங்கள், வெள்ளிக் கரண்டிகளும் முட்கரண்டிகளும், ஏறக்குறைய 40 ராத்தல் சாக்லேட். பசியால் வாடிய மனிதர்கள் அதை இழுத்திருக்கிறார்கள். படகு அவர்களுக்கு ஆற்றைக் கடக்கத் தேவைப்பட்டிருக்கலாம். வெள்ளிக் கரண்டி எதற்கு என்பதை இன்றுவரை யாரும் நிறைவாக விளக்கியதில்லை. பனிவண்டியில் முதலில் தேர்ந்தெடுக்கவேண்டியது வண்டியை அன்று, அதில் எதை ஏற்றக்கூடாது என்பதை என்று நண்பருக்கு எழுதியபோது இந்தப் படகே என் மனத்தில் இருந்தது.

எடையைப் பகையாகக் கருதி வண்டியை மறுபடி சிந்தித்தவர் பிரித்ஜாஃப் நான்சென். 1888இல் கிரீன்லாந்தின் உள்நாட்டுப் பனிப்பரப்பை முதன்முதலாகக் குறுக்கே கடந்தவர். அவருடைய வண்டி படகுவடிவினதன்று. நோர்வேயின் உழவர்கள் பயன்படுத்திய, அகன்ற ஸ்கீ போன்ற சறுக்குக்கட்டைகளையுடைய வண்டியை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். சட்டம் ஆஷ் மரம். சறுக்குக்கட்டைகள் எல்ம் அல்லது மேப்பிள். ஆணி ஒன்றுகூட அடிக்காமல் எல்லா இணைப்புகளையும் கயிற்றால் வரிந்து கட்டினார். ஆணியடித்த மூட்டு அதிர்ச்சியில் பிளக்கும், வரிந்து கட்டியது வளைந்துகொடுக்கும். நம் கட்டுமரத்தின் தர்க்கமும் இதுவே. ஒரு வண்டியின் எடை 13 கிலோ அளவே. மேற்குச் சரிவில் காற்று வாய்த்தபோது வண்டிகளை இணைத்துக் கட்டிப் பாய் ஏற்றி ஓட்டினார்கள். கடற்கரையை அடைந்ததும் கூடாரத்தின் தரைத்துணியையும் வில்லோ மரக்கிளைகளையும் கொண்டு ஒரு படகு செய்து, அதில் நான்செனும் ஸ்வெர்ட்ரூப்பும் கோட்ஹோப் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய நூக் நகரம் அது.

அந்தப் பயணத்தில் சென்ற அறுவரில் இருவர் சாமி இனத்தவர்: சாமுவேல் பால்டோ, ஊலே நில்சென் ராவ்னா. இருவரும் பின்மார்க்கின் காராஷோக் பகுதியினர்; என் நண்பர் போகவிருக்கும் பீடபூமியில்தான் அவ்வூர் இருக்கிறது. 1886 சனவரி முதல் நாள் அங்கே பதிவான மறை 51.4 பாகை செல்சியஸ் இன்றளவும் நோர்வேயின் மிகக்குறைந்த வெப்பநிலை. பால்டோவுக்கு அப்போது 27 வயது. திரும்பி வந்தபின் தம் பயண அனுபவத்தை அவரும் எழுதினார். அதன் பகுதிகள் நான்செனின் நூலில் இடம்பெற்றன. 1898இல் துருவமான் திட்டம் ஒன்றன் பகுதியாக அலாஸ்காவுக்குச் சென்று, தங்கம் தேடி, 1921இல் அங்கேயே இறந்தார். இன்று 'பால்டோ' என்று தேடினால் கிடைப்பது ஒரு நாய். 1925இல் நோம் நகருக்குத் தொண்டையழற்சி மருந்து கொண்டுசென்ற தொடர் ஓட்டத்தின் கடைசி அணியை வழிநடத்திய நாய். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் அதற்குச் சிலை இருக்கிறது. அந்நாய்க்குப் பெயர் சாமுவேல் பால்டோவின் நினைவாகவே இடப்பட்டது. சிலை பலருக்குத் தெரியும். மனிதரைத் தெரிந்தவர் சிலர்.

பால்டோ நாட்டை விட்டுச் சென்ற அதே 1898இல் நோர்வே அரசு வெளியிட்ட ஆணை, பள்ளிகளில் சாமி மொழியின் பயன்பாட்டை மிகக் குறுகிய எல்லைக்குள் அடக்கியது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தாய்மொழி பேசக் கூசும்படி வளர்க்கப்பட்டார்கள். அதை விசாரித்த உண்மை ஆணையத்தின் அறிக்கை 2023இல்தான் நோர்வே நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் 'புல்க்' என்னும் சொல் நோர்வேஜிய வாய்களில் தடையின்றிப் புழங்கியது. கடன்சொற்களைப் பற்றி மொழியியல் வகுப்பில் கற்பிக்கும்போது 'தேவை', 'மதிப்பு' என்று இரு காரணங்கள் சொல்வார்கள். தேவைக்காக எடுத்துக்கொண்டவர், கொடுத்தவரை மதித்திருக்க வேண்டும் என்பதில்லை. இது பாடநூலில் இருந்தால் நன்றாயிருக்கும்.

தென்துருவப் போட்டிக்கு வருவோம். இரு அணிகளும் நான்சென் வகை வண்டிகளையே கொண்டுசென்றன, வேறுபாடு தச்சனில். அமுண்ட்செனின் குழுவில் ஊலாவ் பியோலாண்ட் என்னும் தேர்ந்த தச்சர் 1911ஆம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் தோண்டிய பட்டறையில் வண்டிகளை இழைத்துக்கொண்டிருந்தார். எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்து, ஏறத்தாழ 22 கிலோ ஆயிற்று, வலிமை குறையவில்லை. ஸ்காட்டின் குழு வண்டியை இழைத்தது பயணத்தின் நடுவில், 1911 டிசம்பர் 31 அன்று, துருவப் பீடபூமியின் கொடுங்குளிரில். 12 அடி வண்டிகளைப் பிரித்து 10 அடியாகக் குறைத்தார்கள். அந்த வேலையில் எட்கர் எவன்ஸின் கை வெட்டுப்பட்டது. ஏழு வாரங்களில் அவர் இறந்தார். இறப்புக்குக் கைக்காயமே காரணம் என்று கூறமுடியாது. ஆனால் வண்டி வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்படுவதன் அருமை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எழுதப்படவில்லை.

அதே ஆண்டு ஸ்காட்டின் குழுவினர் மூவர், வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட், பென்குவின் முட்டை தேடிக் குளிர்கால இருளில் குரோசியர் முனைக்குச் சென்றனர். இரண்டு வண்டிகளில் 757 ராத்தல் சுமை, அதாவது 343 கிலோ. வெப்பநிலை மறை 60 பாகைக்கும் கீழே போயிற்று. வண்டிகள் மணலில் இழுப்பதுபோல் நகர மறுத்தன. ஒரு வண்டியை இழுத்துவைத்துவிட்டுத் திரும்பிவந்து மற்றொன்றை இழுக்கவேண்டியதாயிற்று. இதன் காரணம் 1939இல் விளங்கியது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பவ்டன், ஹியூஸ் இருவரும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக்கில் ஆய்வு நடத்தி, பனியில் வழுக்குவது உராய்வின் சூட்டால் உருகும் மெல்லிய நீர்ப்படலத்தால் என்று காட்டினார்கள். கடுங்குளிரில் அப்படலம் உருவாவதில்லை; பனி உண்மையிலேயே மணலாகிவிடுகிறது. வண்டியின் அடிப்பரப்பு எதனால் ஆனது என்பது ஏன் பெரிய கேள்வியாகிறது என்பதற்கு இதுவே விடை. இன்றைய புல்க்குகளின் அடியில் பாலிஎத்திலீன் பூசுவது அழகுக்காக அன்று.

படகுவடிவம் ஒருபோதும் மறைந்துவிடவில்லை. 1939-40 குளிர்காலப் போரில் ஃபின்னியப் படைகள் 'அஹ்கியோ' என்னும் படகுவண்டிகளில் கூடாரமும் தோட்டாவும் கொண்டுசென்றன. காயம்பட்டவர்களைக் காட்டுவழியே மீட்டு வந்தன. அமெரிக்க ராணுவம் பின்னர் தன் 200 ராத்தல் வண்டிக்கு அதே பெயரையே வைத்துக்கொண்டது. மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழையும் பிறகு கெவ்லாரும் பிடித்தன. போர்கே அவுஸ்லாந்து 1996-97இல் அண்டார்க்டிகாவைத் தனியாளாக 64 நாள்களில் 2,845 கிலோமீட்டர் கடந்தபோது இழுத்தது ஏறத்தாழ 180 கிலோ ஏற்றிய புல்க். பஞ்சாபிச் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பிரிட்டானிய ராணுவ அலுவலர் பிரீத் சந்தி, 2022 சனவரி 3 அன்று தனியாகத் தென்துருவம் அடைந்தார். 40 நாள்கள் அவர் இழுத்ததும் புல்க்கே. அதற்குப் பயிற்சியாக இங்கிலாந்தில் டயர்களைக் கட்டி இழுத்துவந்தார். ஃபின்லாந்திலும் சுவீடனிலும் 'புல்க்கா' என்றால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது குழந்தைகள் சரிவில் வழுக்கும் வண்ண பிளாஸ்டிக் தட்டு. நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் கொண்ட விரைபடகாக மாறியதைப்போல, சொல் நிலைக்கப் பொருள் ஆளுக்கொன்றாகிவிட்டது.

இனி அந்தக் கயிற்றுச் சிக்கல். மானின் இடத்தில் மனிதன் வந்தபோது பின்னால் கட்ட இன்னொரு மனிதன் கிடைப்பதில்லை. ஆகவே கயிற்றை நீக்கி, குதிரைவண்டியின் ஏர்க்கால்போல இரண்டு விறைத்த தண்டுகளை வைத்தார்கள். தண்டு இழுக்கும், தள்ளுதலையும் தாங்கும். சரிவில் வண்டி முன்னே பாய முயன்றால் அதன் விசை இடுப்புப் பட்டைக்கு வந்துவிடும். ஸ்கீயைத் திருப்பி அதைத் தடுக்கலாம். தண்டுகளை முதுகுக்குப் பின்னே பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாற்றிப் பொருத்தினால், நாம் திரும்பும்போது வண்டியும் தடம் மாறாமல் தொடர்ந்து வரும். துருவப் பயணிகள் பலர் இன்றும் கயிற்றையே விரும்புகிறார்கள். மேடுபள்ளமான கடற்பனியில் தண்டு ஒவ்வோர் இடியையும் இடுப்புக்குக் கடத்தும், அங்கே நீண்ட சரிவும் இல்லை. பின்மார்க்கிலோ ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

எனவே நண்பருக்கு எழுதியது: தண்டு. வண்டியின் அகலம் ஸ்கீத் தடத்தின் அகலத்தை மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் இருபுறமும் புதுப்பனியை உழவேண்டியிருக்கும். கனமானவை அடியிலும் நடுவுக்குச் சற்றுப் பின்னும் இருக்கட்டும். அணியம் தானே எழும்பி மிதக்கும். பக்கச் சரிவில் வண்டி கீழே வழுக்காதிருக்கப் பின்புறம் அடியில் ஒரு சிறு துடுப்புத்தகடு வேண்டும். கெரெஸின் ஏரா செய்த வேலையை அது செய்யும். பிள்ளைகளின் தட்டில் தானே செய்வதாயின், துளையிட்ட இடம் குளிரில் கிழிந்துவிடும். இருபுறமும் அகன்ற வாஷர் வைத்தே தண்டைப் பூட்டவேண்டும். ஒன்று உடைந்தாலும் மற்ற இரண்டு வண்டிகளில் சுமையைப் பகிரக்கூடிய அளவுக்கே ஏற்றவேண்டும். நாற்பது கிலோ என்பது மிகை. பட்டியலை அனுப்பு என்றேன்.

பட்டியல் நேற்று வந்தது. நானும் அவரும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் அடித்துத் திருத்தி 31 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். மூன்று புத்தகங்களில் இரண்டு போயின. வார்ப்பிரும்புத் தோசைக்கல் நீண்ட வாதத்துக்குப் பிறகு போயிற்று. காராஷோக்கில் சாமி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முதல் நாள் அங்கே போய்ப் பழைய கெரெஸ் ஏதேனும் இருந்தால் அதன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். வண்டி வாங்குவதா செய்வதா என்பதை அதன்பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார். தட்டும் வாஷரும் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்பது என் ஐயம்.